பயணிகள் வானூர்தி மாதிரிகளில் தேய்மானத் தோற்றம்

பயணிகள் வானூர்தி மாதிரிகளில் தேய்மானத் தோற்றம் என்பது, பிளாஸ்டிக் கிட்டுகளைக் கொண்டு சிறிய அளவில் செய்யப்படும் வானூர்தி மாதிரிகளுக்கு, பறந்து பழகிய உண்மையான வானூர்தியின் தோற்றத்தைக் கொடுக்கும் முறையாகும். மாதிரி செய்வோர் இதனை 'வெதரிங்' என்று அழைக்கின்றனர். வெயில், மழை, உப்புக்காற்று, எண்ணெய்க் கசிவு, எஞ்சின் புகை, மனிதக் கைகள் ஆகியவை ஒரு வானூர்தியின் மேற்பரப்பில் விட்டுச்செல்லும் தடங்களை வண்ணங்களாலும் பொடிகளாலும் காட்டுவதே இதன் நோக்கம்.

போர் வானூர்திகள், பீரங்கி வண்டிகள் ஆகியவற்றின் மாதிரிகளில் சேற்றையும் வண்ண உரிவையும் தாராளமாகக் காட்டலாம். பயணிகள் வானூர்தியில் அவ்வாறு செய்ய இயலாது. அது அடிக்கடி கழுவப்படுகிறது, குறித்த கால இடைவெளிகளில் ஆய்வு செய்யப்படுகிறது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் வண்ணம் மாற்றப்படுகிறது. எனவே அதன் அழுக்கு குறைவானது. ஆனால் ஒவ்வொரு தடத்திற்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரியாமல் இடப்படும் அழுக்கு, மாதிரியைப் பழைய வானூர்தியாகக் காட்டாமல் பறக்கத் தகுதியற்ற வானூர்தியாகக் காட்டிவிடும்.

## மேற்பரப்பு மாறும் விதம்

பெரும்பாலான பயணிகள் வானூர்திகளின் உடற்பகுதி அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. அதன்மேல் அரிப்பைத் தடுக்கும் பிரைமரும், அதற்கு மேல் பளபளப்பான பாலியூரித்தேன் வண்ணமும் பூசப்படுகின்றன. புதிய வானூர்தி கண்ணாடிபோல் மின்னும். தரைமட்டத்தைவிட வலுவான புற ஊதாக்கதிர்கள் 10 கிலோமீட்டர் உயரத்தில் அதன்மேல் விழுகின்றன. தரையில் 40 பாகை வெப்பத்தில் நின்ற வானூர்தி, அரை மணி நேரத்தில் உறைநிலைக்கு 50 பாகை கீழான குளிரை அடைகிறது. இந்த மாற்றம் நாள்தோறும் பலமுறை நிகழ்வதால் வண்ணம் மெல்ல மெல்ல மங்குகிறது.

மங்கல் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெயில் நேரடியாக விழும் முதுகுப்பகுதி முதலில் பளபளப்பை இழக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்கள் வெள்ளையைவிட வெளிப்படையாக வெளிறுகின்றன. பக்கவாட்டுப் பகுதிகள் நடுத்தரமாகவும், வயிற்றுப்பகுதி ஓரளவு பளபளப்பாகவும் ஆனால் எண்ணெய் படிந்தும் காணப்படும். ஆகவே மாதிரியின் மேற்புறத்தைச் சற்று மங்கலான வார்னிஷாலும் பக்கங்களைப் பளபளப்பான வார்னிஷாலும் முடித்தாலே, ஒரு துளி அழுக்கும் இல்லாமல் பாதி வேலை முடிந்துவிடும்.

## தடத்தின் திசை

தேய்மானத் தோற்றத்தில் முதன்மையான விதி திசை பற்றியது. பறக்கும்போது கசியும் திரவத்தைக் காற்று பின்னோக்கி இழுக்கிறது. தரையில் நிற்கும்போது கசியும் திரவம் புவியீர்ப்பால் நேராகக் கீழே வழிகிறது. பறந்துகொண்டிருக்கும் வானூர்தியில் கசிவுக்கோடுகள் மூக்கிலிருந்து வால் நோக்கி, ஏறத்தாழக் கிடையாக அமையும். நீண்ட நாட்கள் நிறுத்தப்பட்ட வானூர்தியில் சன்னல்களின் கீழ்விளிம்பிலிருந்தும் கதவு இடுக்குகளிலிருந்தும் செங்குத்தான மழைநீர்க் கோடுகள் இறங்கும்.

2020 மார்ச் 25 முதல் மே 25 வரை இந்தியாவில் உள்நாட்டுப் பயணிகள் வானூர்திச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் எஞ்சின் வாய்கள் மூடப்பட்டு வரிசையாக நின்ற வானூர்திகளை மாதிரியாகச் செய்ய விரும்புவோர் செங்குத்துக் கோடுகளையும் முதுகில் படிந்த தூசியையும் காட்டலாம். 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்திய கிங்ஃபிஷர், 2019 ஏப்ரல் 17 அன்று சேவையை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் ஆகிய நிறுவனங்களின் கைவிடப்பட்ட வானூர்திகளுக்கும் இது பொருந்தும். அன்றாடம் பறக்கும் வானூர்தியின் மாதிரியில் செங்குத்துக் கோடுகள் இருந்தால் அது பிழையாகும்.

பேருந்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். கோடைக்காலத்தில் பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி செல்லும் பேருந்தின் பின்புறக் கண்ணாடியில்தான் புழுதி மிகுதியாகப் படியும். தட்டையான பின்புறத்திற்குப் பின்னால் காற்று சுழன்று தூசியைத் திரும்ப இழுப்பதே இதற்குக் காரணம். வானூர்தியின் வால் கூர்ந்து முடிவதால் அத்தகைய பெரிய சுழல் உருவாவதில்லை. எனவே வானூர்தியின் வாலில் புழுதி பூசுவது பேருந்தின் அழுக்கை வானூர்திக்கு மாற்றுவதாகும்.

## பகுதிவாரியாகத் தடங்கள்

மூக்கு: வானிலை ரேடாரை மூடியிருக்கும் மூக்குக்கூம்பு உலோகமன்று, ரேடார் அலைகளை ஊடுருவவிடும் கலப்புப் பொருளால் ஆனது. மழைத்துளியும் ஆலங்கட்டியும் மோதுவதால் அதன் வண்ணம் புள்ளிப்புள்ளியாகப் பெயரும். அதனைத் தனியாகக் கழற்றி வேறொன்றை மாட்டுவதும் வழக்கம். அதனால் பழைய வானூர்தியில் மூக்குக்கூம்பு மட்டும் உடலைவிடத் தூய வெள்ளையாகத் தெரிவதுண்டு.

இறக்கையின் முன்விளிம்பும் எஞ்சின் வாயும்: பல வகை வானூர்திகளில் இப்பகுதிகள் வண்ணமில்லாத உலோகமாகவே விடப்படுகின்றன. பறக்கும்போது மோதும் மழையும் பூச்சிகளும் வண்ணத்தை அங்கு நிலைக்கவிடா. எஞ்சின் வாயின் வளையம் பெரும்பாலும் பளபளப்பாகவே இருக்கும். அதில் கறுப்புப் பூசுதல் கூடாது.

எஞ்சின் உறை: தரையிறங்கியதும் காற்றை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சர் அமைப்பு எஞ்சின் உறையில் உள்ளது. அதன் இடுக்குகளைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிறக் கறை படியும். எஞ்சின் உறையின் அடிப்புறத்தில் உள்ள வடிகுழாயிலிருந்து எண்ணெய்க் கோடுகள் பின்னோக்கி நீளும். வெளியேறும் குழாயின் உலோகம் சூட்டினால் பழுப்பு, வைக்கோல், நீலச் சாயல்களைப் பெறும்.

வயிறு: வானூர்தியின் மிக அழுக்கான பகுதி இதுவே. ஹைட்ராலிக் அமைப்பில் பயன்படும் ஊதா நிற எண்ணெய் பாஸ்பேட் எஸ்டர் வகையைச் சேர்ந்தது. வண்ணத்தையே மென்மையாக்கக் கூடியது. சக்கரக் குழிக்குப் பின்னால் அது தூசியுடன் கலந்து பழுப்புக் கோடுகளாக நீளும். மழைக்காலத்தில் ஓடுதளத்து நீரை முன்சக்கரம் வாரி அடிப்பதால் வயிற்றின் முன்பகுதியிலும் கறை உண்டாகும்.

காற்று வெளியேறும் துளை: அறையின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அடைப்பிதழ் உடலின் பின்பகுதியில் அமைந்திருக்கும். வானூர்தியில் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில், அதன் பின்னால் புகையிலையின் பழுப்புக்கறை தெளிவாகத் தெரிந்தது. 1970களின் வானூர்தியை மாதிரியாகச் செய்வோர் இதனைச் சேர்க்கலாம். இன்றைய வானூர்தியில் இத்தகைய பழுப்புக்கறை பொருந்தாது.

கதவுகள்: உணவு வண்டியும் பயணிகள் பாலமும் உரசும் இடங்களில் கதவின் கீழ்விளிம்பைச் சுற்றிச் சிறு கீறல்கள் இருக்கும். சரக்கறைக் கதவின் கீழ்வாயில் பெட்டிகள் இடித்து உலோகம் வெளித்தெரியும்.

சக்கர அமைப்பு: கார்பன் பிரேக்குகளின் கரும்பொடி சக்கரங்களின் மீது படியும். டயரின் பக்கங்கள் கறுப்பாகவும் தரையைத் தொடும் பகுதி சாம்பலாகவும் இருக்கும். அதிர்ச்சியைத் தாங்கும் உருளைத்தண்டு மட்டும் எப்போதும் பளபளக்கும். ஏனெனில் அது ஒவ்வொரு முறையும் உள்ளே சென்று துடைக்கப்பட்டு வெளிவருகிறது.

## உப்புக்காற்றும் அரக்கோணமும்

அலுமினியம் இரும்பைப்போலச் செந்துரு பிடிப்பதில்லை. அதன் அரிப்பு வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பொடியாகத் தோன்றும். வண்ணத்திற்கு அடியில் தரையாணியின் தலையிலிருந்து நூல்போலப் பரவும் அரிப்பும் உண்டு; அது மேலே மெல்லிய கொப்புளக்கோடுகளாகத் தெரியும். வானூர்தி மாதிரியின் உடலில் செம்பழுப்புத் துருவைப் பூசுவது இத்துறையில் மிகப் பரவலான பிழையாகும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்புத் தகடுகளிலும் பழவேற்காட்டின் கடலோர இரும்புக் கதவுகளிலும் காணப்படும் துரு வேறு. வானூர்தியின் அரிப்பு வேறு.

இதனை விளக்கும் எடுத்துக்காட்டு திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டியுள்ள அரக்கோணத்தில் இருக்கிறது. அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை வான்தளம் 1992 மார்ச் மாதத்தில் பணியில் இணைக்கப்பட்டது. கடல் கண்காணிப்புக்கான போயிங் பி-8ஐ வானூர்திகள் 2013 மே மாதம் முதல் அங்கு வந்து சேர்ந்தன. பி-8ஐ என்பது போயிங் 737-800 பயணிகள் வானூர்தியிலிருந்து உருவாக்கப்பட்டது. ஒரே அடிப்படை உடலைக் கொண்ட இரு வானூர்திகளில் ஒன்று 10 கிலோமீட்டர் உயரத்தில் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. மற்றொன்று கடலுக்கு மேல் தாழ்வாகவும் பறக்கிறது. தாழப் பறக்கும் வானூர்தியின் மேல் உப்புத்துளிகள் படிகின்றன. அதனால் கடற்கண்காணிப்பு வானூர்திகளை நன்னீரால் அடிக்கடி அலசுவது உலகெங்கும் வழக்கம். உப்பு காய்ந்த இடத்தில் மெல்லிய வெண்படலம் தோன்றுவதும், தகட்டு இணைப்புகளில் வண்ணம் அடிக்கடி திருத்தப்படுவதும் இவ்வகை வானூர்தியின் அடையாளங்களாகும்.

பி-8ஐ வருவதற்கு முன் அரக்கோணத்தில் இருந்த து-142 வானூர்திகள் 29 ஆண்டுகள் பணியாற்றிய பின் 2017 மார்ச் 29 அன்று ஓய்வுபெற்றன. அவற்றுள் ஒன்று அதே ஆண்டு டிசம்பர் முதல் விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பறக்காத வானூர்தியின் மீது கடற்காற்று செய்யும் வேலையை அங்கு பொதுமக்கள் அருகிலிருந்தே காணலாம்.

## அழுக்கும் சேதமும்

மாதிரி செய்வோர் அறிந்திருக்கவேண்டிய மற்றொரு வேறுபாடு அழுக்குக்கும் சேதத்துக்கும் இடையில் உள்ளது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோகா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 737-200 ஒன்று, 24,000 அடி உயரத்தில் பறந்தபோது உடற்பகுதியின் மேற்புறத்தில் ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளத்தை இழந்தது. வானூர்திப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்ற 94 பேருடன் வானூர்தி மௌயி தீவில் தரையிறங்கியது. 19 ஆண்டுகளே பழமையான அவ்வானூர்தி, தீவுகளுக்கிடையே குறுகிய தொலைவுகள் பறந்ததால் 89,680 பயணங்களை முடித்திருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் காற்றழுத்தத்தால் உடல் உப்பிச் சுருங்கியது. தகட்டு இணைப்புகளின் ஒட்டு விட்டுப்போய், உப்புக்காற்றால் அரிப்பும் சேர்ந்து, தரையாணித் துளைகளிலிருந்து வெடிப்புகள் பரவின. ஏறும்போது கதவருகே ஒரு வெடிப்பைக் கண்ட பயணி ஒருவர் அதைப் பற்றி எவரிடமும் கூறவில்லை என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது. பழைய வானூர்திகளை ஆய்வுசெய்யும் முறைகள் இந்நிகழ்வுக்குப் பின் உலகெங்கும் கடுமையாக்கப்பட்டன.

தளர்ந்த தரையாணியின் பின்னால் கரும்புகைபோல ஒரு சிறு கோடு தெரிவதைப் பராமரிப்புப் பொறியாளர்கள் எச்சரிக்கையாகக் கொள்வர். தரையாணி அசைந்து உராய்வதால் வெளிப்படும் நுண்ணிய உலோகப்பொடியே அக்கோடு. அழகுக்காக எல்லாத் தரையாணிகளின் பின்னாலும் கருங்கோடு இழுக்கும் மாதிரியாளர், தாம் அறியாமலே அவ்வானூர்தியைத் தரையில் நிறுத்தவேண்டிய நிலையில் காட்டிவிடுகிறார். சேவையில் உள்ள வானூர்தியில் சேதத்தைக் காட்டுவதைவிட, சேதம் சரிசெய்யப்பட்டதைக் காட்டுவதே உண்மைக்குப் பொருத்தமானது. சுற்றிலும் ஆணிகள் அடித்த செவ்வக ஒட்டுத்தகடு, சற்றே வேறுபட்ட வெள்ளையில் திருத்தப்பட்ட கட்டம், வேறொரு வானூர்தியிலிருந்து எடுத்து மாட்டிய எஞ்சின் உறை ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

## இந்திய வானூர்திகளில் கவனிக்கவேண்டியவை

1971 முதல் ஏர் இந்தியாவில் இணைந்த போயிங் 747 வானூர்திகளின் சன்னல்களைச் சுற்றி அரண்மனைச் சாளரங்களைப்போன்ற சிவப்பு வளைவுகள் வரையப்பட்டிருந்தன. அவற்றுக்கு இராசேந்திர சோழன், மகேந்திரவர்மன் உள்ளிட்ட மன்னர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. இவ்வளவு நுட்பமான சிவப்பு ஓவியம் உள்ள மாதிரியில் கரிய நிறக் கழுவலை அளவின்றிப் பயன்படுத்தினால் ஓவியம் அழுக்காகத் தெரியும். சிவப்பை மட்டும் சிறிதளவு வெளிறச்செய்வது போதுமானது. அந்நிறுவனத்தின் கடைசி 747 வானூர்தி 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து விடைபெற்றது.

இந்தியன் ஏர்லைன்ஸ் 1989 முதல் பயன்படுத்திய தொடக்ககால ஏர்பஸ் ஏ320 வானூர்திகளில், வலுக்குறைந்த ஓடுதளங்களைக் கருத்திற்கொண்டு ஒவ்வொரு முதன்மைக் காலிலும் நான்கு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. வழக்கமான ஏ320 கிட்டில் ஒரு காலுக்கு இரண்டு சக்கரங்களே இருக்கும். தேய்மானத்தை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இச்சக்கரங்கள் தவறினால் மாதிரி தவறியதாகவே கொள்ளப்படும்.

2012 செப்டம்பரில் ஏர் இந்தியாவிற்கு வரத்தொடங்கிய போயிங் 787 வானூர்தியின் இறக்கையும் உடலும் கார்பன் இழைக் கலப்புப் பொருளால் ஆனவை. இவ்வகை வானூர்திகளின் இறக்கைகளில், புற ஊதாக்கதிர் வண்ணத்தை ஊடுருவிக் கீழுள்ள பிரைமரின் பிடிப்பைக் குலைப்பதால் வண்ணம் உரிவது உலகின் பல நிறுவனங்களில் காணப்பட்டது. உரிந்த இடங்களை அடுத்த வண்ணப்பூச்சு வரை வெள்ளி நிற அலுமினிய ஒட்டுநாடாவால் மூடுவர். 787 மாதிரியின் இறக்கையில் சமையலறை அலுமினியத் தாளிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளை ஒட்டினால் இது அப்படியே வந்துவிடும். இதே ஒட்டை 1970களின் 747 இறக்கையில் பரவலாக ஒட்டுவதற்குக் காரணமில்லை.

## அளவும் நிறமும்

பயணிகள் வானூர்திக் கிட்டுகளில் 1:144 அளவு மிகப் பரவலானது. 37.57 மீட்டர் நீளமுள்ள ஏ320 இவ்வளவில் ஏறத்தாழ 26 செ.மீ. ஆகிறது. 1.17 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மைச் சக்கரம் 8 மி.மீ. ஆகிறது. உண்மையான வானூர்தியில் இரு தகடுகளுக்கிடையே 1.5 மி.மீ. இடைவெளி இருந்தால், மாதிரியில் அது 0.01 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிட்டில் பதிக்கப்பட்ட கோடு 0.2 மி.மீ. அகலம் இருந்தால், அது உண்மையில் ஏறத்தாழ 29 மி.மீ. இடைவெளிக்குச் சமம். அக்கோட்டில் கறுப்பு நிரப்பினால் விரல் நுழையும் அளவு பிளவுகள் கொண்ட வானூர்தி கிடைக்கும். வெளிர்சாம்பல் நிறமே போதுமானது. கதவுகள், இறக்கையின் அசையும் மடிப்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் சற்று அடர்ந்த சாம்பலைப் பயன்படுத்தலாம்.

தொலைவிலிருந்து காணும் பொருளின் நிறம் காற்றால் மென்மையாகித் தெரியும். 26 செ.மீ. மாதிரியைக் கையில் வைத்துப் பார்ப்பது, உண்மை வானூர்தியைப் பல பத்து மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பானது. எனவே கறுப்புக்குப் பதில் அடர்சாம்பலும், தூய வெள்ளைக்குப் பதில் ஒரு சொட்டுச் சாம்பல் கலந்த வெள்ளையும் பயன்படுத்தப்படுகின்றன.

## செய்முறை

1. வண்ணம் பூசி, டெக்கால்களை ஒட்டி, முழுவதும் காய்ந்த பின் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு இடவேண்டும். பின்வரும் படிகளில் தவறு நேர்ந்தால் கீழுள்ள வண்ணத்தை இப்பூச்சு காக்கும்.
2. ஓவியக் கடைகளில் கிடைக்கும் எண்ணெய் வண்ணத்தில் சாம்பலையும் சிறிது பழுப்பையும் கலந்து, வண்ணத்தைக் கரைக்கும் மணமற்ற கரைப்பானில் நீர்க்கச் செய்யவேண்டும். மெல்லிய தூரிகையால் கோடுகளில் தொட்டால் அது தானாகவே ஓடிப் பரவும். இக்கலவையே வாஷ் எனப்படுகிறது. வண்ணமோ வார்னிஷோ பூசாத வெற்றுப் பிளாஸ்டிக்கில் வலுவான கரைப்பான் பட்டால் பிளாஸ்டிக் வெடிக்கக் கூடும்.
3. அரைமணி நேரம் கழித்து, மிகுதியைப் பஞ்சுக்குச்சியால் மூக்கிலிருந்து வால் நோக்கி மட்டுமே துடைக்கவேண்டும். இவ்வாறு துடைக்கும்போது எஞ்சும் மென்படலமே காற்றோட்டக் கறையாக அமைந்துவிடும்.
4. எஞ்சின், ரிவர்சர், வால் நுனியில் உள்ள துணை எஞ்சினின் புகைவாய் ஆகியவற்றுக்கு, உலர்ந்த பேஸ்டல் சாக்கை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி மென்மையான தூரிகையால் தடவலாம். பென்சில் கரியும் பயன்படும்.
5. வயிற்றின் எண்ணெய்க் கோடுகளுக்கு ஒரு ஊசிமுனைப் புள்ளி எண்ணெய் வண்ணத்தை வைத்து, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் பின்னோக்கி இழுக்கவேண்டும். 2 மி.மீ. கோடு உண்மையில் ஏறத்தாழ 29 செ.மீ. நீளமாகும் என்பதை நினைவிற்கொள்வது நன்று.
6. இறுதியாக, முதுகுக்கு அரைமங்கல் வார்னிஷும் மற்ற பகுதிகளுக்கு அரைப்பளபளப்பு வார்னிஷும் பூசலாம்.

கரைப்பான்களைக் காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்துவதும், பொடி செய்யும்போதும் ஏர்பிரஷ் பயன்படுத்தும்போதும் முகக்கவசம் அணிவதும் இன்றியமையாதவை. சிறுவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் செய்யவேண்டும்.

## ஒளிப்படச் சான்றுகள்

ஒரு குறிப்பிட்ட வானூர்தியை அதன் பதிவெண்ணுடன் தேர்ந்தெடுத்து, ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட பல ஒளிப்படங்களைப் பார்த்துச் செய்வதே சிறந்த முறையாகும். வண்ணம் பூசிய ஒரு மாதத்திலும் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வானூர்தி வெவ்வேறாகத் தெரியும். அதனால் பதிவெண்ணுடன் ஆண்டையும் முடிவுசெய்யவேண்டும். இந்தியாவில் படைத்துறை வான்தளங்களை ஒளிப்படம் எடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே அரக்கோணத்துப் பி-8ஐ போன்ற வானூர்திகளுக்கு, இந்தியக் கடற்படை வெளியிடும் அதிகாரபூர்வப் படங்களையே சான்றாகக் கொள்ளவேண்டும்.

மாதிரியில் உள்ள எந்தத் தடத்தையும் சுட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கு விடை இருக்கவேண்டும். விடை இல்லாத தடத்தை நீக்கிவிடலாம். இவ்வாறு செய்யப்பட்ட மாதிரி, வானூர்திப் பராமரிப்பைப் பற்றி அறிய விரும்பும் மாணவர்களுக்குக் கையிலெடுத்துப் படிக்கும் பாடமாகவும் பயன்படுகிறது.